வாசகர் கேள்வி – பதில்: ஸ்கேட்போர்டில் முதல் வித்தைகள்

ஸ்கேட்போர்டு பழகத் தொடங்கியிருப்பவர்களிடமிருந்தும், பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். பலகையின் பின்முனையை டெயில் என்றும், முன்முனையை நோஸ் என்றும், சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சுகளை டிரக் என்றும் ஓட்டுபவர்கள் சொல்வார்கள். பதில்களில் அந்தச் சொற்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்கேட்போர்டு வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. நண்பர்கள் கிக்ஃப்ளிப் பழகுவதைப் பார்த்து நானும் முயல்கிறேன், ஒருமுறைகூட வரவில்லை. முதலில் எந்த வித்தையைப் பழக வேண்டும்? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

கிக்ஃப்ளிப்பை இப்போதைக்கு முழுமையாக ஒதுக்கி வையுங்கள். பலகையும் உடலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்போது குதித்து, பலகையை முன்காலால் சுண்டிக் காற்றில் நீளவாக்கில் ஒரு முழுச் சுற்றுப் புரளவைக்கும் வித்தை அது. உருளும் பலகையின்மேல் இயல்பாக நிற்க உடல் பழகாதவரை, பாதத்தின் எந்த அசைவும் நினைத்த இடத்தில் விழாது. குரங்குப் பெடலே வராத ஒருவர் இரண்டு கைகளையும் விட்டுச் சைக்கிள் ஓட்டப் பார்ப்பதற்கு இது சமம்.

எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இடது கால் முன்னால் இருந்தால் அந்த நிலையை ரெகுலர் என்பார்கள். வலது கால் முன்னால் இருந்தால் கூஃபி என்பார்கள். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. வலது கைப் பழக்கம் உள்ளவர்களிலும் இரு வகையினரும் இருக்கிறார்கள். வழுவழுப்பான தரையில் ஓடிச் சறுக்கும்போது எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுவே உங்கள் முன்கால். அடுத்தது, தரையை உந்தி ஓட்டுவது. முன்பாதத்தை முன் டிரக்கின் போல்ட்டுகளுக்கு மேல், விரல்கள் முன்னோக்கி இருக்குமாறு வைத்து, பின்காலால் தரையை உந்துங்கள். வேகம் கிடைத்ததும் இரண்டு பாதங்களையும் பலகைக்குக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். பலர் பின்காலைப் பலகையில் வைத்துக்கொண்டு முன்காலால் உந்தப் பழகிவிடுகிறார்கள். மாங்கோ எனப்படும் அந்த முறையில் எடை பின்பக்கம் தங்கிவிடுவதால் பலகையின் திசை கைக்குள் நிற்காது. ஒவ்வோர் உந்தலுக்குப் பிறகும் இரண்டு கால்களையும் புதிதாக இடம்மாற்ற வேண்டியிருக்கும். ஊறிப்போன பிறகு இப்பழக்கத்தை மாற்றுவது மிகவும் கடினம் என்பதால் தொடக்கத்திலேயே திருத்திக்கொள்வது நல்லது.

உந்துவதும், பின்காலின் அடிப்பாகத்தைத் தரையில் மெல்லத் தேய்த்து நிறுத்துவதும் கைவந்தபின் கிக்டர்ன் பழகுங்கள். டெயிலில் சிறிது எடையை ஏற்றி, முன்சக்கரங்கள் விரற்கடை அளவு எழும்பியதும் தோள்களைத் திருப்பினால் பலகை தோள்களைப் பின்தொடர்ந்து திரும்பும். இதையே இடமும் வலமுமாக மாறி மாறிச் செய்து, தரையை உந்தாமலே முன்னேறுவது டிக்-டாக். அதன்பின், பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும் சில அடி தூரம் செல்லும் மேனுவல். இவற்றைச் செய்யும்போது இடுப்பை ஓரங்குலம் பின்னால் கொண்டுபோனால் பலகை என்ன செய்கிறது, முன்னால் கொண்டுவந்தால் என்ன செய்கிறது என்பதை உங்கள் கால்கள் தெரிந்துகொள்கின்றன. பின்னால் வரும் எந்த வித்தைக்கும் இந்த அறிவுதான் முதல்.

கேள்வி: விளையாட்டுப் பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் பலகையில் பழகத் தொடங்கலாமா? எங்கள் தெருச் சாலை கரடுமுரடானது. – வாசகர், மதுரை

அந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள் இருக்கின்றன. சிறு கல் ஒன்று குறுக்கே வந்தாலும் சக்கரம் அங்கேயே நின்றுவிட, ஓட்டுபவர் மட்டும் முன்னால் போய் விழுகிறார். 1970களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரங்கள் வரும்வரை களிமண் கலவையாலும் உலோகத்தாலும் ஆன சக்கரங்களில் ஓட்டியவர்களுக்கும் இதே ஆபத்து இருந்தது. ஆகவே விலையைக் குறைப்பதானால் வேறு எதில் குறைத்தாலும் சக்கரத்தில் குறைக்காதீர்கள்.

ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தால் ஆன, 8 அங்குலம் அல்லது 8.25 அங்குல அகலமுள்ள பலகை பெரியவர்களுக்குப் பொருந்தும். வித்தைகளுக்கென்று விற்கப்படும் சக்கரங்கள் பொதுவாக 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டமும் 99ஏ அளவு கடினமும் கொண்டவை. அவை சிமெண்டுத் தரைக்கும் வழவழப்பான கான்கிரீட்டுக்கும் ஏற்றவை. உங்கள் தெருவைப் போன்ற சாலையில் ஓட்டிப் பழக 78ஏ முதல் 87ஏ வரையிலான மென்மையான, சற்றே பெரிய சக்கரங்கள் வசதியானவை. வித்தைகள் பழகும் காலம் வந்ததும் சக்கரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மழையில் ஓட்டாதீர்கள்: பேரிங் துருப்பிடிக்கும், நீர் ஊறிய மர அடுக்குகள் விட்டுப்போகும்.

கேள்வி: பல வாரங்களாக ஆலி பழகுகிறேன். டெயிலைத் தட்டினால் பலகை செங்குத்தாக நிமிர்கிறதே தவிர என்னோடு எழுவதில்லை. சில நேரம் எனக்கு முன்னால் பறந்து போய்விடுகிறது. புல்தரையில் நின்றபடி பழகுவது உதவுமா? – வாசகர், சென்னை

கைகள் பலகையைத் தொடாமல், பலகை காலோடு கட்டப்படாமல், இரண்டும் ஒன்றாகக் காற்றில் எழும்புவதுதான் ஆலி. ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் பிற்பகுதியில் வளைந்த சுவர்களைக் கொண்ட கிண்ண வடிவப் பள்ளங்களில் இதைச் செய்தார். அவருடைய பட்டப்பெயரே வித்தையின் பெயராயிற்று. 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் இதைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தார். சுவரின் சாய்வு கெல்ஃபாண்டுக்குச் செய்துகொடுத்த வேலையைச் சமதளத்தில் நம் கால்களே செய்ய வேண்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு காலும் எப்போது என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் தானே விளங்கும்.

பின்பாதத்தின் முன்பகுதி டெயிலின் நடுவில் இருக்க வேண்டும். முன்பாதம் முன் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முழங்கால்களை மடக்கி, தோள்கள் பலகைக்கு நேர் மேலே இருக்குமாறு தாழ்ந்து, அங்கிருந்து மேல்நோக்கிக் குதிக்கிறீர்கள். முன்கால் முதலில் இலேசாகிறது. பின்கால் பலகையை விட்டு எழும் அந்தக் கடைசி நொடியில் கணுக்காலின் சுண்டலால் டெயில் தரையில் அடிபடுகிறது. அடிபட்ட வேகத்தில் நோஸ் மேலே எழ, பலகை தரையிலிருந்து எம்பத் தொடங்குகிறது. இந்த நேரத்தில் முன்பாதம் உட்புறமாகச் சாய்ந்து, காலணியின் வெளிப்பக்கம், பலகையின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பில் உரசிக்கொண்டே நோஸை நோக்கி மேலேற வேண்டும். அந்த உராய்வுதான் பலகையை உங்களோடு மேலே இழுக்கிறது. நோஸை எட்டியதும் முன்பாதத்தை முன்னோக்கித் தள்ளினால், அதுவரை சாய்ந்திருந்த பலகை காற்றில் கிடைமட்டத்துக்கு வருகிறது. அதற்கு இடம் கொடுக்கும் வகையில் பின்முழங்கால் மார்பை நோக்கி மடங்கி எழ வேண்டும்.

பலகை செங்குத்தாக நிமிர்ந்து நிற்கிறதென்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. டெயிலை அடித்த பிறகும் பின்காலை அதிலேயே ஊன்றி நிற்கிறீர்கள், அல்லது முன்பாதம் உரசாமல் வெறுமனே மேலே தூக்கப்படுகிறது. பலரும் டெயிலை ஓங்கி மிதிப்பதையே ஆலி என்று எண்ணிக்கொள்வதால் முதல் தவறு மிகச் சாதாரணமாக நேர்கிறது. மிதிக்கும் கால் கீழே தங்கிவிட்டால் பலகை எழ வழியே இல்லை. நீங்கள் குதிக்கிறீர்கள், அந்தக் குதிப்பின் முடிவில் டெயில் அடிபடுகிறது என்று வரிசையை மாற்றி நினைத்துப் பாருங்கள். பலகை முன்னால் பறப்பதற்குக் காரணம் வேறு. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் தோள்கள் பின்சக்கரங்களுக்குப் பின்னால் சாய்ந்துவிடுகின்றன. சாய்ந்த உடல் கீழிருக்கும் பலகையை முன்னே உதைத்துத் தள்ளுகிறது. கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்துப் பார்த்தால் குதிக்கும் நொடியில் உங்கள் தோள் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

புல்தரையைப் பற்றி என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். கால்களின் வரிசையை மனத்தில் பதிக்க ஓரிரு நாட்கள் புல்தரையில் நின்று பழகலாம். வாரக்கணக்கில் அங்கேயே தங்கக் கூடாது. புல்லில் டெயில் தரையிலிருந்து துள்ளி எழுவதில்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, நின்ற இடத்தில் பழகும் உடல், பலகை நகராது என்ற நம்பிக்கையிலேயே எடையை வைக்கக் கற்றுக்கொள்வது. பிறகு உருளும் பலகையில் எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருக்கும். நடக்கும் வேகத்தில் உருண்டுகொண்டே, முதலில் டெயிலைத் தட்டாமல் பலகையின்மேலேயே குதித்து இரண்டு பாதங்களும் போல்ட்டுகளுக்கு மேல் விழுமாறு பழகுங்கள். அது இயல்பானதும் தட்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு செங்கல் உயரத்தைத் தாண்ட வேண்டும் என்ற கவலை இப்போது வேண்டாம்; உருண்டபடி ஓரங்குலம் எழுந்து இரண்டு கால்களோடும் இறங்கிவிட்டால் உங்களுக்கு ஆலி வந்துவிட்டது. அதன்பின் உயரம் என்பது முழங்கால்களை எவ்வளவு மேலே இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: என் ஒன்பது வயது மகள் ஸ்கேட்போர்டு பழக ஆசைப்படுகிறாள். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, எலும்பு முறிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. – தாயார், திருச்சிராப்பள்ளி

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. இந்த விளையாட்டில் விழாமல் கற்றவர் எவரும் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஸ்கேட்போர்டு ஓட்டவே கூடாது என்றும், ஆறு முதல் பத்து வயது வரையுள்ளவர்கள் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு அறிவுறுத்துகிறது. எனவே உங்கள் மகளுக்கு மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களோ வீட்டில் உள்ள மற்றொரு பெரியவரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

தலைக்கவசம் இல்லாமல் பலகையில் ஒரு காலைக்கூட வைக்கக் கூடாது என்பதை முதல் நாளிலேயே வீட்டுச் சட்டமாக்கிவிடுங்கள். பிடரியையும் மூடும் வகையில் ஸ்கேட்போர்டுக்கென்றே செய்யப்பட்ட கவசங்கள் உள்ளன. ஏஎஸ்டிஎம் எஃப் 1492 அல்லது இஎன் 1078 என்ற தர எண் உள்ளே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த முக்கியத்துவம் மணிக்கட்டுக் காப்புக்கு. விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. ஸ்கேட்போர்டில் மணிக்கட்டு எலும்புகள் அதிகம் முறிவதும் அதனால்தான். முழங்கால், முழங்கை உறைகளும் தேவை. அவை இருந்தால் குழந்தை துணிந்து முழங்காலில் சறுக்கி விழப் பழகும்.

பலகையில் ஏற்றுவதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுங்கள். புல்தரையில் குனிந்து அமர்ந்த நிலையிலிருந்து, கைகளை மடக்கி, தோளின் பக்கவாட்டில் உருண்டு விழச் சொல்லுங்கள். மெதுவாகப் போகும் பலகையிலிருந்து முன்பக்கமாக இறங்கி ஓடி நிற்பதையும் பழக்குங்கள். வாகனங்கள் செல்லும் சாலையில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வளரும் குழந்தைகளின் எலும்பு முனைகளில், எலும்பு வளரும் மென்மையான பகுதியான வளர்ச்சித் தட்டு இருப்பதால், விழுந்தபின் மணிக்கட்டு வீங்கினாலோ வலி தணியாவிட்டாலோ சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி உருவிவிடாமல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

பெண் குழந்தை என்பதால் கூடுதல் தயக்கம் எதுவும் வேண்டியதில்லை. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலுடன் பலகை ஓட்டிய படம் உலகெங்கும் பேசப்பட்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. வெறுங்காலைப் பற்றிக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உங்கள் மகளுக்குத் தட்டையான அடிப்பாகமுள்ள, கயிறு இறுகக் கட்டிய காலணியை அணிவித்தே பழக்குங்கள்.

கேள்வி: ஆலி ஓரளவு வருகிறது. அடுத்தது கிக்ஃப்ளிப்தானா? – வாசகி, புதுச்சேரி

இடையில் ஷவ்-இட் பழகுமாறு பரிந்துரைக்கிறேன். பலகை புரளாமல், தரைக்கு இணையாக அரைவட்டம் மட்டும் சுழலும் வித்தை அது. குதிக்கும்போது பின்பாதம் டெயிலைக் கீழே அழுத்துவதைவிடப் பின்பக்கமாக வாரிவிட வேண்டும். முன்பாதம் இலேசாக மேலே எழுந்து வழிவிட்டால் போதும். பலகை சுழலும்போது தோள்கள் திரும்பாமல் இருப்பதும், பலகை உங்களைவிட்டு விலகாமல் நேர் கீழே சுழல்வதும் இதில் கவனிக்க வேண்டியவை. பலகை காலைவிட்டுப் பிரிந்து மீண்டும் காலுக்கு வரும் அனுபவம் முதன்முதலாக இதில்தான் கிடைக்கிறது. அது பழகாதவர்கள் கிக்ஃப்ளிப்பில் ஒரு காலைத் தரையில் வைத்துவிடுவார்கள்.

கிக்ஃப்ளிப்புக்கு வரும்போது, முன்பாதத்தை முன் போல்ட்டுகளுக்குப் பின்னால் சற்றுச் சாய்வாக, குதிகால் பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்குமாறு வையுங்கள். ஆலியைப் போலவே பாதம் மேலே உரசிச் சென்று, நோஸை நெருங்கும் இடத்தில் குதிகால் பக்கத்து விளிம்பைத் தாண்டி விரல்நுனியால் சுண்டிவிட வேண்டும். காலைக் கீழ்நோக்கி உதைத்தால் பலகை புரளும், ஆனால் கால் அதன் மேலே திரும்பி வர நேரமிருக்காது. உங்கள் ஆலி உருளும்போது உறுதியாக இருந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. இப்போது தொடங்குவது நகைப்புக்கு இடமாகுமா? – வாசகர், ஈரோடு

ஆகாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பார்க் பிரிவுகளில் பிரிட்டனின் ஆண்டி மெக்டானல்டு 51 வயதில் கலந்துகொண்டார். சீனாவின் செங் ஹாவ்ஹாவ் 11 வயதில் கலந்துகொண்டார். மெக்டானல்டு பல பத்தாண்டுகள் பழகியவர், நீங்கள் புதியவர் என்ற வேறுபாடு உண்டு என்பதால் சில முன்னேற்பாடுகள் தேவை. இளைஞர்களைவிட உங்கள் தசைநார்கள் ஆறுவதற்கு அதிக நாட்கள் எடுக்கும். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் என்று அளவாகப் பழகுங்கள். கணுக்காலையும் இடுப்பையும் தளர்த்தும் பயிற்சிகளைச் செய்யாமல் பலகையில் ஏறாதீர்கள். முதல் சில மாதங்களில் ஓட்டுதல், நிறுத்துதல், கிக்டர்ன் ஆகிய மூன்றோடு நில்லுங்கள். களைப்பு வந்த பிறகும் ‘இன்னும் ஒரு தடவை’ என்று முயல்வதைத் தவிருங்கள். கால்கள் சோர்ந்திருக்கும்போதுதான் பாதம் தாமதமாக எழுகிறது, அந்தத் தாமதமே பலரை விழவைக்கிறது.