பொதுக் காணொளிக் கூட்டங்களை மட்டுறுத்துதல்: கேள்வி பதில்

எவரும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்கள் ஞாயிறுதோறும் கூடும் காணொளிக் கூட்டம் ஒன்றை 2020 ஏப்ரலிலிருந்து நடத்தி வருகிறேன். முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, கூட்டத்தின் இணைய இணைப்பான சுட்டி கிடைத்த எவரும் வரலாம். இப்படிப்பட்ட கூட்டங்களை மட்டுறுத்துவது, அதாவது தொல்லையின்றி ஒழுங்குபடுத்தி நடத்துவது, குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேலம்: எங்கள் கல்லூரி லினக்ஸ் குழு முதன்முறையாகப் பொதுக்கூட்டம் நடத்துகிறது. ஜிட்சி என்ற கட்டற்ற காணொளி மென்பொருளின் பொதுத் தளத்தைப் பயன்படுத்தப் போகிறோம். முதலில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும், ஐயா?

அமைப்புகளைத் தொடும் முன் ஆட்களை முடிவு செய்யுங்கள். பேசுபவர் மட்டுறுத்துநராக இருக்கக் கூடாது. இதை நான் இன்று பலமுறை சொல்ல நேரும் என்று நினைக்கிறேன். எங்கள் பழைய பயிற்சி வகுப்பு ஒன்றில் நானே பேச்சாளர், நானே மட்டுறுத்துநர். கட்டளை தட்டச்சிடும் சாளரமான முனையத்தை முழுத்திரையில் விரித்துக் கட்டளைகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ உள்ளே வந்து ஆபாசக் காட்சிகளைத் திரைப் பகிர்வில் ஓடவிட்டிருக்கிறார். என் கண்ணுக்கு என் முனையம் மட்டுமே தெரிந்தது. ஒருவர் கைப்பேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு விவரமே புரிந்தது. அதற்குள் பள்ளி மாணவர்கள் உட்படப் பாதிப் பேர் வெளியேறியிருந்தார்கள். அன்றிலிருந்து பேச்சைக் கேட்காமல் ஆட்களை மட்டும் கவனிக்கும் இருவர் இல்லாமல் அறையைத் திறப்பதில்லை. ஒருவர் வாசலைப் பார்ப்பார், மற்றவர் அரட்டைப் பெட்டியையும் கையுயர்த்துபவர்களையும் பார்ப்பார். ஒருவருக்கு மின்சாரம் போனால் மற்றவர் இரண்டையும் பார்த்துக்கொள்வார்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, 2023 ஆகஸ்ட் 24 முதல் ஜிட்சியின் பொதுத் தளத்தில் அறையைத் திறப்பவர் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் ஆகியவற்றில் ஒரு கணக்கின் வழியாக உள்நுழைந்தாக வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை. எனவே திறப்பவர் யார் என்பதை முன்னதாகவே பேசி வைத்து, கால் மணி நேரம் முன்பே திறந்து, துணை மட்டுறுத்துநர் வந்தவுடன் அவருக்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். காத்திருப்பறையையும் (வருபவரை மட்டுறுத்துநர் அனுமதிக்கும்வரை நிறுத்திவைப்பது) கடவுச்சொல்லையும் ஒவ்வொரு வாரமும் புதிதாகப் போட வேண்டும்; ஜிட்சியில் எல்லோரும் வெளியேறியதும் அறையோடு அவையும் மறைந்துவிடும். போன வாரம் போட்டது இருக்கும் என்று நம்பி ஏமாந்த குழுக்களை நான் அறிவேன்.

மதுரை: கூட்டத்திற்குக் கடவுச்சொல் வைத்தால் போதாதா?

கடவுச்சொல்லைச் சுட்டியோடு சேர்த்துப் பொதுவில் அறிவிக்கிறீர்கள் அல்லவா? பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடும் வேலை அது. ஜூமில் கடவுச்சொல் சுட்டிக்குள்ளேயே பொதிந்து வருவதால் பலருக்கு இது கண்ணில் படுவதும் இல்லை. ஜிட்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு: கடவுச்சொல் தெரிந்தவர் காத்திருப்பறையில் நிற்காமல் நேரே உள்ளே வந்துவிடலாம். ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்தால் கடவுச்சொல்லைப் பேச்சாளருக்கும் மட்டுறுத்துநர்களுக்கும் மட்டும் கொடுங்கள்.

பிங்காம்டன், பாஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் ட்விட்டரிலும் ஃபோர்சான் என்ற பெயரிலி இணைய மன்றத்திலும் வெளியான, கூட்டங்களைக் குலைக்க ஆள் திரட்டும் அழைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை, கூட்டத்தில் முறைப்படி இடம்பெற்றிருந்தவர்களே, குறிப்பாக மாணவர்களே, வெளியில் கசியவிட்டவை. உள்ளிருப்பவர் கொடுக்கும் கடவுச்சொல்லுக்கு முன்னால் கடவுச்சொல் என்ன செய்யும்? ஒவ்வொருவருக்கும் தனிச் சுட்டி கொடுப்பதே பலன் தரும் என்பது அவர்கள் முடிவு. பொதுக்கூட்டத்தில் அது இயலாது என்பதால்தான் நமக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

வேலூர்: தொல்லை செய்தவரை வெளியேற்றினால் வேறு பெயரில் திரும்ப வருகிறார். நிரந்தரமாகத் தடுக்க வழி உண்டா?

ஜிட்சியில் இல்லை. கணக்கில்லாமல் வருபவருக்கு அடையாளம் ஏதும் கிடையாது. அவர் தட்டச்சிட்ட பெயர் மட்டுமே உண்டு. வெளியேற்றிய கையோடு காத்திருப்பறையை இயக்குங்கள். இந்த இரண்டு சொடுக்குகளையும் ஒரே செயலாகப் பழகிக்கொள்ள வேண்டும், வரிசையும் மாறக் கூடாது. வெளியேற்றுவதற்கு முன் திட்டவோ எச்சரிக்கவோ வேண்டாம். அவர் வந்ததே அந்த எதிர்வினைக்காகத்தான்.

யாழ்ப்பாணம்: பாதுகாப்பில் ஜூம் சிறந்ததா, ஜிட்சியா?

மட்டுறுத்தும் கருவிகள் ஜூமில்தான் அதிகம். அடி வாங்கிக் கற்ற பாடம் அது. 2020 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு இத்தகைய ஊடுருவல்கள் குறித்து எச்சரித்ததும், ஒரு வாரத்திற்குள் கடவுச்சொல்லையும் காத்திருப்பறையையும் இயல்பமைப்பாக ஆக்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில், காணொளி, ஒலி, அரட்டை, திரைப் பகிர்வு எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் பொத்தானையும் தந்தார்கள். அந்தப் பொத்தான் மீது எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் கூட்டத்தை மூடிய மென்பொருளில் நடத்த எங்களுக்கு மனம் வரவில்லை. பிக்புளூபட்டன் என்ற கட்டற்ற காணொளி வகுப்பறை மென்பொருள் ஒரு நல்ல நடுவழி: வருபவர்களின் ஒலிவாங்கி, நிழற்படக்கருவி, பொது அரட்டை, தனி அரட்டை ஆகியவற்றைத் தனித்தனியே பூட்டலாம், அரட்டையை அழிக்கவும் செய்யலாம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பறைக்காகத் தொடங்கப்பட்டது என்பதால் ஆசிரியரின் கை ஓங்கியே இருக்கும்.

கொழும்பு: பேசத் தயங்குபவர்களுக்காகப் பதிவை நடுவில் நிறுத்துகிறோம். போதுமா?

பிக்புளூபட்டனில் போதாது. பதிவுக்கு அனுமதித்த கூட்டத்தில், பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து, வழங்கி (கூட்டத்தை இயக்கும் சர்வர்) தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் சேமிக்கக்கூடும். அப்போது நீங்கள் அழுத்தும் பொத்தான் எந்தப் பகுதி வெளியாக வேண்டும் என்று குறி மட்டுமே வைக்கிறது. தயங்குபவர்களுக்கான உரையாடலைப் பதிவு வசதியே இல்லாத தனி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்: கட்டற்ற மென்பொருள் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு வாசலில் காவல் போடுவது முரண் அல்லவா?

கட்டற்ற என்ற சொல்லின் மீது இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டாம். இயக்குவது, ஆராய்வது, பகிர்வது, மாற்றுவது என்ற நான்கு சுதந்திரங்களும் மென்பொருளைப் பற்றியவை. அடுத்தவரின் காதுக்குள் நினைத்தபோது கத்துவது அவற்றில் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்கு எவரும் திருத்தம் அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பராமரிப்பாளர் பார்க்கிறார். அதை யாரும் அடக்குமுறை என்பதில்லை.

கோயம்புத்தூர் (மீண்டும்): திருத்தத்தைத் தள்ளுபவர் காரணத்தைப் பொதுவில் எழுதுகிறார். காத்திருப்பறையில் நிற்பவரை நீங்கள் பெயரைப் பார்த்தே தள்ளுகிறீர்கள், காரணமும் சொல்வதில்லை. தன்னை மறைத்துக்கொள்ளும் உரிமையை உயர்த்திப் பேசும் நாமே இப்படிச் செய்யலாமா?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு நாள் யோசித்தேன். முதல் பாதியில் நீங்கள் சொல்வது சரி. எங்கள் வாசலில் ‘ஐபோன்’ என்றோ ஒற்றை எழுத்தாகவோ பெயர் வந்தால் தட்டிக்கழிக்கும் பழக்கம் இருந்தது. அப்படித் தள்ளப்பட்டவர்களில் தந்தையின் கைப்பேசியில் வந்த பள்ளி மாணவர்களும் இருந்திருப்பார்கள். இனிப் பெயரைப் பொருட்படுத்த மாட்டோம். காத்திருப்பவருக்கு மட்டுறுத்துநர் ஒரு வரி அனுப்புவார்: “வணக்கம், இன்றைய தலைப்பு என்னவென்று தெரிந்து வந்திருக்கிறீர்களா?” பதில் எழுதுபவர் எந்தப் புனைபெயரிலும் வரலாம். குலைக்க வருபவர் பெரும்பாலும் பதில் எழுதப் பொறுமையற்றவர்.

இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. தவறாகச் சேர்த்த திருத்தத்தை நாளை திரும்பப் பெறலாம். ஒரு சிறுமியின் கண்முன் ஓடிய காட்சியைத் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெற முடியாத இடத்தில் முன்கூட்டியே பார்ப்பதைத் தவிர வேறு வழியை எனக்குக் காட்டுங்கள்.

திருநெல்வேலி: மேலே நடக்கும் விவாதத்திற்காக எழுதுகிறேன். காவலே இல்லாத ஒரு கூட்டத்தில் நான் பேசத் தொடங்கியதும் தனி அரட்டையில் மூவர் என் எண்ணைக் கேட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் போகவில்லை. “எல்லோருக்கும் திறந்திருக்கிறது” என்பவர்கள், யார் போய்விட்டார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

இவருக்கு நான் சேர்க்க எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. தனி அரட்டை மட்டுறுத்துநர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கூட்டத்தின் தொடக்கத்திலேயே, யாரிடம் முறையிடலாம் என்று இரு மட்டுறுத்துநர்களின் பெயரையும் சொல்லிவிட வேண்டும், அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருப்பது நல்லது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஜிட்சி அறையில் இருவர் மட்டும் இருக்கும்போது ஒலியும் காட்சியும் வழங்கி வழியாகப் போகாமல் நேரடியாகப் பரிமாறப்படும்; அப்போது ஒருவரின் ஐ.பி. முகவரி (இணையத்தில் அவர் இணைப்பைக் காட்டும் எண்) மற்றவருக்குக் கிடைக்கும். மூன்றாமவர் வந்தால் வழங்கி நடுவில் நிற்கும். முன்பின் தெரியாதவரோடு தனியே காத்திருக்க நேர்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் (மூன்றாம் முறை): திருநெல்வேலித் தோழருக்கு நேர்ந்தது தவறு, மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்பறை அதைத் தடுத்திருக்காதே? அந்த மூவரும் ஒழுங்காகப் பதில் எழுதி உள்ளே வந்திருப்பார்கள்.

தடுத்திருக்காது. வாசல் காவல் அந்நியரின் கலகத்திற்கு. உள்ளே இருப்பவர்களின் நடத்தைக்கு நடத்தை விதியும் அதை நிறைவேற்றும் துணிவும் வேண்டும். பல திட்டங்கள் பின்பற்றும் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் விதித்தொகுப்பு 2014இல் வந்தது, அதன் 2.0 பதிப்பில் திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று படிகள் உள்ளன. அந்நியக் கலகக்காரருக்கு இந்தப் படிகள் தேவையில்லை, நேரே வெளியே அனுப்பலாம்; நம் உறுப்பினர் என்றால் படி தவறக் கூடாது. இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியதற்கு நன்றி. மற்றவர்களும் காத்திருப்பதால் இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

தஞ்சாவூர்: எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் மதிப்புக்குரியவர், ஆனால் ஒலிவாங்கி கிடைத்தால் இருபது நிமிடம் விடமாட்டார். எப்படி நிறுத்துவது?

கலகக்காரர் வருடத்திற்கு இரண்டு முறை வருவார். இவர் வாரந்தோறும் வருவார். எனவே எனக்கு இதுவே பெரிய கேள்வி. பெரியவரை இடைமறிப்பது நம் ஊரில் மட்டுறுத்துநருக்கு வாய் வராத காரியம், அதனால் இளையவர்கள் மௌனமாகக் கழன்றுகொள்கிறார்கள். ஒருபோதும் அவர் ஒலிவாங்கியைச் சொல்லாமல் அணைக்காதீர்கள். அது கன்னத்தில் அறைவதற்குச் சமம், தவிர ஜிட்சியில் அதை மீண்டும் திறக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, அவரே திறந்தாக வேண்டும். கேள்விக்கு மூன்று நிமிடம் என்று தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டரை நிமிடத்தில் அரட்டையில் ஒரு குறிப்பு. பிறகு குரலில், “ஐயா, நீங்கள் சொன்ன அந்தக் கோப்பு முறைமைச் செய்தியை அடுத்த வாரம் தனி உரையாகவே வைத்துக்கொள்ளலாமா? இப்போது இன்னும் இருவர் கை உயர்த்தியிருக்கிறார்கள்” என்று கேளுங்கள். அழைப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். எங்களிடம் இப்படி உரையாக மாறிய இருபது நிமிடப் பேச்சுகள் நான்கு உண்டு, அவற்றில் இரண்டு மிகச் சிறந்தவை.

புதுச்சேரி: கடவுச்சொல் வைத்தால் கலகம் நிற்குமா?

மதுரைக்கான பதிலைப் படியுங்கள்.

சென்னை: கலகம் செய்தவர் குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சியை ஓடவிட்டார். காவல்துறைக்குச் சான்றாகக் கூட்டப் பதிவை உறுப்பினர்களுக்குப் பகிரலாமா?

கூடவே கூடாது. நல்ல நோக்கம் கூட உங்களைச் சிக்கலில் தள்ளக்கூடிய இடம் இது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு இத்தகைய காட்சிகளை வெளியிடுவதோடு சேகரிப்பதையும் பதிவிறக்குவதையும் குற்றமாக்குகிறது. வெறுமனே பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி வைத்திருப்பதும் புகார் செய்யாமல் விடுவதும் தண்டனைக்குரியவை ஆகலாம். கூட்டத்தை உடனே முடித்து, நேரம், வந்தவர் காட்டிய பெயர், வழங்கி உங்களுடையது என்றால் அதன் பதிவேட்டிலுள்ள ஐ.பி. முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒன்றிய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுதுங்கள். பதிவு உங்கள் வழங்கியில் இருந்தால் அதைத் தொடாமல், என்ன செய்வது என்று வழக்கறிஞரையும் காவல்துறையையும் கேட்டுச் செய்யுங்கள்.

சிங்கப்பூர்: 200 பேர் வரக்கூடிய ஆண்டு நிகழ்வுக்கு என்ன செய்யலாம்?

200 பேரையும் ஒரே அறையில் அடைக்க வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழு 2020 ஆகஸ்டில் தன் ஆண்டு மாநாட்டை முழுவதும் இணையத்தில் நடத்தியபோது, பேச்சாளரும் நெறியாளரும் மட்டும் ஜிட்சி அறையில் இருந்தார்கள். மற்றவர்கள் நேரலையைப் பார்த்துக் கேள்விகளை எழுத்தில் அனுப்பினார்கள், நெறியாளர் அவற்றைப் படித்துக் கேட்டார். பேசும் அறையும் பார்க்கும் அறையும் பிரிந்துவிட்டால் குலைப்பவருக்குக் கைக்கெட்டுவது ஒரு எழுத்துப்பெட்டி மட்டுமே. உரையாடலின் சூடு குறையும். அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும்.

ஈரோடு: எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ் நல்லது?

இந்த இடத்திற்கு உரிய கேள்வி அல்ல. ஞாயிறு கூட்டத்திற்கு வாருங்கள், பத்துப் பேர் பத்து விடை தருவார்கள்.

திருச்சி: நான் ஒருவனே கூட்டம் நடத்துகிறேன், உதவிக்கு ஆள் இல்லை. ஜூமா, ஜிட்சியா?

யாழ்ப்பாணத்திற்குச் சொன்னதே. உங்கள் கேள்வியின் முதல் பாதிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பேசுபவர் மட்டுறுத்துநராக இருக்கக் கூடாது; தனியாள் என்றால் இந்த வாரம் நீங்கள் பேச வேண்டாம், வேறொருவரைப் பேச வைத்து நீங்கள் வாசலைப் பாருங்கள். மணி நாலே முக்கால் ஆகிறது. எங்கள் அறையைத் திறந்து காத்திருப்பறையைப் போட வேண்டும். மீதிக் கேள்விகளுக்கு அடுத்த வாரம் பதில் எழுதுகிறேன்.