சொந்த சேர்வரில் உரையாடல்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கிண்ணியா, மீனவர் சங்கச் செயலாளர்): எங்கள் நாற்பது உறுப்பினர்களும் இப்போது வட்ஸ்அப் குழுவில்தான் பேசிக்கொள்கிறோம். சொந்தமாக ஓர் உரையாடல் சேர்வரை (செய்திகளை வாங்கி அனுப்பும் கணினியை) நிறுவுவதற்கு எது பொருத்தம்?

பதில்: ஐயா, உங்களுக்குள் செய்தியும் படமும் குரல்பதிவும் பரிமாறினால் போதுமென்றால், 1999 இல் ஜபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறை போதும், அதற்கான புரோசடி என்ற சேர்வர் மென்பொருள் பழைய மடிக்கணினியிலும் சிரமமின்றி ஓடும். மூதூர், நிலாவெளிச் சங்கங்களும் தத்தம் சேர்வர்களை வைத்துக்கொண்டு ஒரே அறையில் (குழு உரையாடலில்) கூட வேண்டுமென்றால், 2014 இல் வெளிவந்த மெட்ரிக்ஸ் என்ற நெறிமுறையைத் தெரிவுசெய்யுங்கள். எக்ஸ்எம்பிபியில் குழு அறை ஒரே சேர்வரில் தங்கியிருக்கும். மெட்ரிக்ஸிலோ அறையின் வரலாறு பங்குபற்றும் ஒவ்வொரு சேர்வரிலும் பிரதியாக இருப்பதால், உங்களுடையது நின்றாலும் மற்றவர்களின் பேச்சு தொடரும். அதற்கு நினைவகம் கூடுதலாக வேண்டும்; ஆயிரக்கணக்கானோர் இருக்கும் வெளி அறைகளில் சிறிய சேர்வரைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி (உவர்மலை, ஆசிரியை): வீட்டிலேயே வைக்கலாமா? மாரிகாலத்தில் மின்சாரம் அடிக்கடி போகிறதே?

பதில்: வைக்கலாம், ரீச்சர். சேர்வருக்கு மட்டுமன்றி ரவுட்டருக்கும் யூபிஎஸ் கொடுங்கள். உங்கள் இணைப்புக்குத் தனியான பொது ஐபி முகவரி இல்லையென்றால் வெளியிலிருந்து யாரும் நேரடியாக உள்ளே வரமுடியாது. அப்போது சிறிய விபிஎஸ் (தரவு மையத்தில் இயங்கும் மெய்நிகர் சேர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

கேள்வி (சம்பூர், மாணவர்): அண்ணா, பிறகு திருத்தவே முடியாத தவறு எது?

பதில்: தம்பி, சேர்வரின் இணையப் பெயர் (டொமைன்)தான். மெட்ரிக்ஸில் ஒவ்வொருவரின் அடையாளத்தின் வாலிலும் சேர்வரின் பெயர் ஒட்டியிருக்கும். மெட்ரிக்ஸுக்கான சேர்வர் மென்பொருளான சினாப்ஸில் அதை ஒருமுறை வைத்தால் பின்னர் மாற்ற வழியில்லை. நான் முதலில் இலவசமாகக் கிடைத்த ஒரு பெயரில் தொடங்கினேன். அந்தச் சேவை நிறுத்தப்பட்ட அன்று, தரவுகள் முழுவதும் என் மேசையிலேயே இருந்தும், அத்தனை கணக்குகளும் பயனற்றுப்போயின; உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்து, மன்னிப்புக் கேட்டு, புதிதாகப் பதிந்தேன். ஆகவே காசு கொடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கக்கூடிய பெயரை வாங்கி, அதைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவுசெய்யுங்கள். செய்திகளைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்குத் தொடக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள். சினாப்ஸுடன் இயல்பாக வரும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே. காப்புப்பிரதி எடுக்கையில் தரவுத்தளத்தோடும் படங்களோடும் கையொப்பத் திறவுகோல் கோப்பையும் சேருங்கள். திறந்து பார்த்தால் அதில் ஒரேயொரு வரிதான் இருக்கும். அந்த வரியைக் கொண்டுதான் உங்கள் சேர்வரை மற்றச் சேர்வர்கள் அடையாளம் காண்கின்றன.

கேள்வி (உப்புவெளி, தாதி): சேர்வரை நடத்துபவர் எங்கள் செய்திகளைப் படிக்க முடியுமா?

பதில்: மறைகுறியாக்கம் செய்த (பேசுபவர்களின் கருவிகளில் மட்டுமே செய்தி திறக்கும்) அறையில் படிக்க முடியாது, அக்கா; ஆனால் யார் யாருடன் எப்போது பேசினார் என்பது அவருக்குத் தெரியும். மெட்ரிக்ஸுக்கான எலிமென்ட் செயலியில் (அப்போது அதன் பெயர் ரயட்) 2020 மே முதல் புதிய தனியறைகளுக்கு மறைகுறியாக்கம் தானாகவே இயங்குகிறது. செயலி தரும் மீட்புத் திறவுகோலைக் கடதாசியில் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். அது இல்லாமல் ஒரே கைபேசியும் தொலைந்தால், பழைய செய்திகளை நானும் திறந்து தர முடியாது.