பிஇபி ஷெட்டா, வழக்கமான இரும்புக் கட்டடமா?

கேள்வி: 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளத்தில் கிடங்கும் முன்பக்கம் விற்பனைக் கூடமும் கட்டப் போகிறோம். ஃபேக்டரியில் செய்து வந்து மாட்டும் பிஇபி (ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங்) கட்டடம் சீக்கிரம் முடியும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அது தகர டப்பா, ஐ-செக்ஷன் (ஆங்கில I வடிவ இரும்பு) வாங்கி சைட்டில் வெல்டிங் செய்து கட்டினால்தான் நிற்கும் என்கிறார் அண்ணன். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே இரும்புதான், சரியாக வடிவமைத்துத் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் நிற்கும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். ஒரு பிஇபி ஷெட்டுக்குள் அவரைக் கூட்டிப்போய்த் தூணைக் காட்டுங்கள். அடியில் ஒடுங்கி, மேலே போகப் போக அகன்று, கூரை உத்திரத்தோடு சேரும் முட்டியில் மிகப் பெரிதாக இருக்கும். வளைக்கும் விசை அங்கேதான் அதிகம். அடிப்பக்கம் பெரும்பாலும் கீல்போல விடப்படுவதால் அங்கே அவ்வளவு இரும்பு வேண்டாம். ஆலையில் உருட்டி வரும் ஐ-செக்ஷனோ நீளம் முழுக்க ஒரே அளவு. அதனால் எடை கூடும்.

ஆனால் அந்தச் சிக்கனமே பின்னால் கையைக் கட்டிப்போடும். நான் மேற்பார்வை பார்த்த ஒரு கிடங்கில், மூன்று வருடம் கழித்துக் கூரையில் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் மாட்ட வேண்டும் என்றார்கள். பழைய சுமைக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். தகடு, காற்று, விளக்கு, பழுது பார்க்க ஏறும் ஆள், அவ்வளவுதான் இருந்தது. கூரைத் தகட்டைத் தாங்கும் 2 மி.மீ. தடிமனுள்ள இசட் பர்லினில் (Z வடிவ மெல்லிய சட்டம்) எதைத் தொங்கவிடுவது? கடைசியில் உள்ளே தனியாக நான்கு தூண் நட்டோம். வண்டி திரும்பும் இடம் போய்விட்டது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆர்டர் கொடுத்த அன்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அதனால் சோலார் பேனல், ஏசி டக்ட், மாடித்தளம் என்று பின்னால் வரக்கூடிய எல்லாவற்றையும் இப்போதே எழுதிக்கொடுங்கள். நீளத்தைக் கூட்டும் எண்ணம் இருந்தால், கடைசிச் சுவரின் ஃபிரேமையும் (தூணும் உத்திரமும் சேர்ந்த சட்டம்) நடு ஃபிரேம் போலவே முழு வலுவோடு கேளுங்கள்.

உங்கள் கிடங்கு நேரான செவ்வகம், நடுவில் தூண் வேண்டாம் என்றால் பிஇபிதான் சரி. முன்கூடத்தில் அடிக்கடி மாற்றம் செய்வீர்கள், மாடி ஏற்றுவீர்கள் என்றால் அந்தப் பகுதியை மட்டும் வழக்கமான முறையில் கட்டலாம்.

அப்புறம், ஷெட் கம்பெனியின் சுமை அளவுகள் கைக்கு வராமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். அந்தத் தூண் கீழே அழுத்துவதோடு வெளிப்பக்கமும் தள்ளும், பலத்த காற்றில் மேலேயும் இழுக்கும். துளைகள் ஃபேக்டரியிலேயே போட்டு வருவதால், அஸ்திவாரத்தில் புதைக்கும் ஆங்கர் போல்ட் விலகினால் தூணின் அடித்தகடான பேஸ் பிளேட் உட்காராது. போல்ட்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும் டெம்ப்ளேட் தகடு மாட்டி, கான்கிரீட் போடும் முன்னும் போட்ட கையோடும் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். விலகிவிட்டால் இன்ஜினியரைக் கேட்காமல் கேஸ் கட்டரால் துளையைப் பெரிதாக்க யாரையும் விடாதீர்கள்.