ரத்தத்தில் ஈஸ்ட்: எந்த ஈஸ்ட் என்று கேளுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. குடல் ஆபரேஷன் முடிந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் இருக்கிறார். காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தில் ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை) என்று ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் போட்டார்கள். கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் ‘கேண்டிடா ஹீமுலோனி’ என்று வந்ததும், விலை கூடிய மைக்கஃபங்கின் ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். இது அவசியமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: அவசியம்தான். மாற்றியது சரியான முடிவு.

ஹீமுலோனி என்று ரிப்போர்ட் வந்தாலே ‘கேண்டிடா ஆரிஸ்’ஸாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட ஈஸ்ட் அது. லேப் மெஷினின் மென்பொருள் பழையதாக இருந்தால் அதில் ஆரிஸ் என்ற பெயரே இருக்காது. நெருங்கிய இனமான ஹீமுலோனியின் பெயரைக் காட்டிவிடும். 42 டிகிரி சூட்டில் வைத்துப் பார்ப்பது ஓர் எளிய துப்பு: ஆரிஸ் வளரும், ஹீமுலோனி பொதுவாக வளராது. புரதங்களை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியிலோ மரபணு வரிசைச் சோதனையிலோ உறுதிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆரிஸில் பெரும்பாலானவை ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது. எம்ஐசி (ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மருந்தளவு) 32 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த மருந்தை மறந்துவிடலாம். ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு எம்ஐசி 2 என்பது எல்லை. ஆனால் சில தானியங்கி மெஷின்கள் அதை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அந்த மருந்து தேவைப்பட்டால் வேறு முறையிலும் சோதித்துக்கொள்வது நல்லது. மைக்கஃபங்கினை எதிர்ப்பவை குறைவு என்பதால்தான் அதை முதலில் போடுகிறோம். சிகிச்சைக்கு நடுவிலும் எதிர்ப்பு உருவாகலாம்; கல்ச்சர் பாசிட்டிவாகவே நீடித்தால் புதிதாக வளர்ந்த ஈஸ்ட்டைத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

மருந்து மட்டும் போதாது. கழுத்து ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) இருந்தால், முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். ஈஸ்ட் அந்தக் குழாயில் படலமாக ஒட்டிக்கொள்ளும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ப்ளட் கல்ச்சர் எடுப்பார்கள். முதல் நெகட்டிவ் வந்த நாளிலிருந்துதான் குறைந்தது 14 நாள் கணக்கு, ஊசி ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல. காய்ச்சல் விட்டதும் செலவை நினைத்து நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. விழித்திரையையும் கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

உசிலம்பட்டி, மேலூரிலிருந்து பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிருங்கள். அங்கே இந்த ஈஸ்ட் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். உள்ளே போகும்போதும் வரும்போதும் ஆல்கஹால் கைத்திரவம் கட்டாயம். கட்டிலைத் துடைக்கக் குளோரின் கலந்த மருந்துதான் நம்பகமானது.

வேறு மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால் இந்த ரிப்போர்ட்டை முதலில் அங்கே காட்டுங்கள். ரத்தம் சுத்தமான பிறகும் தோலில் மாதக்கணக்கில் ஆரிஸ் தங்கியிருக்கலாம். அப்பாவுக்குத் தனி அறை ஒதுக்க அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.