கீரையின் மேல் வாழும் பாக்டீரியா: வாசகர் கேள்விகள்

கீரையை எத்தனை தண்ணீர் அலசினாலும் பாக்டீரியா முழுதாகப் போகாதாமே?
(வாசகி, மதுரை)

போகாதுதான். வயலில் நிற்கும் இலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி பாக்டீரியா வரை இருப்பது சாதாரணம். அவற்றில் பல, தாமே சுரந்த பசைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில இலைத்துளை வழியாக உள்ளேயே போயிருக்கும். நன்றாக அலசினால் பத்தில் ஒன்பது பங்கு, மிஞ்சிப்போனால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு குறையும். மிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அவை சூடோமோனாஸ், பான்டோயா, பேசில்லஸ் போன்றவை. ஆரோக்கியமான உடலுக்குக் கெடுதல் செய்யாதவை. மண்ணும் பூச்சிமுட்டையும் போக அலசத்தான் வேண்டும்.

ஒரு பாக்டீரியாவை வைத்து இன்னொன்றை அடக்கலாம் என்கிறார்கள். இலைமேல் அது எப்படி நடக்கிறது?
(கல்லூரி மாணவர், கோவை)

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. இலைமேல் சாப்பாடு அரிது. உள்ளிருந்து கசியும் துளி சர்க்கரைதான் பந்தி. முன்னால் வந்து உட்கார்ந்தவர் தின்று தீர்த்துவிட்டால், பின்னால் வரும் நோய்க்கிருமிக்கு இலை மிஞ்சாது. அடுத்தது இரும்பு. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் மஞ்சள் கலந்த பச்சை நிறமி ஒன்றைச் சுரந்து, சுற்றியுள்ள இரும்பையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். வளர இரும்பு தேவைப்படும் நோய்க்கிருமி தவிக்கும். புற ஊதா ஒளியில் அந்த நிறமி மின்னும். பெயரே அதனால் வந்ததுதான். பேசில்லஸ் வகைகள் பூஞ்சையின் சவ்வைக் கிழிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன.

அமெரிக்காவில் பேரிக்காய், ஆப்பிள் மரங்களில் வரும் நெருப்புக் கருகல் நோய்க்கு, ஏ506 என்ற சூடோமோனாஸ் ரகத்தைப் பூக்கும் பருவத்தில் தெளிக்கிறார்கள். நோய்க்கிருமி வருமுன் பூவின் சூலகமுடியில் (மகரந்தம் ஒட்டும் நுனியில்) அது இடம் பிடித்துவிட வேண்டும். பிந்தினால் பலன் குறைந்துவிடும்.

சமையலறையிலும் சான்று உண்டு. முட்டைக்கோஸை நறுக்கி உப்பிட்டு, காற்றுப் புகாமல் அமுக்கி வைத்தால் தானாகப் புளிக்கும். உறை எதுவும் ஊற்றுவதில்லை. இலையிலேயே இருந்த லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா முதலில் பெருகும். புளிப்பு ஏறியதும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பொறுப்பேற்கும். அந்த அமிலத்தில் அழுகல் கிருமிகள் தாக்குப்பிடிப்பதில்லை.

நாங்கள் நாற்றங்காலுக்கு வாங்கும் சூடோமோனாஸ் பொடியும் இதே பாக்டீரியாதானா? வீட்டிலேயே பெருக்கலாமா?
(விவசாயி, ஒட்டன்சத்திரம்)

இனம் அதேதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த பிஎஃப்1 ரகம் நம்மூரில் பரவலாகப் புழங்குகிறது. கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து நேர்த்தி செய்யுங்கள், ஹெக்டேருக்கு 2.5 கிலோவை மக்கிய தொழுஉரத்துடன் கலந்து இடுங்கள். தாமிர மருந்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள், செத்துவிடும்.

காய்கறியிலிருந்து நீங்களே எடுத்துப் பெருக்குவது வேண்டாம், ஐயா. இதே இனத்தின் சில ரகங்கள், இலையின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினைக் கரைத்து, கீரையையும் கோஸையும் கொழகொழவென்று அழுகவைப்பவை. கண்ணால் பார்த்து எது காவல், எது கள்வன் என்று யாராலும் பிரிக்க முடியாது.

முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகச் சாப்பிடலாமா? நல்ல பாக்டீரியா காப்பாற்றாதா?
(வாசகி, சென்னை)

வேகவைத்துச் சாப்பிடுங்கள். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாக ஈ.கோலை ஓ104 என்ற நோய்க்கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றனர். விதையில் நாலைந்து கிருமி ஒளிந்திருந்தாலும், முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் அவற்றை ஓரிரு நாளில் பல லட்சமாக்கிவிடும். காவல் பாக்டீரியாவைச் சேர்த்து, சால்மோனெல்லா என்ற இன்னொரு நோய்க்கிருமியின் வளர்ச்சியை ஆய்வகத்தில் குறைத்திருக்கிறார்கள். குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. கர்ப்பிணிகளும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் பச்சை முளையைத் தொடவே வேண்டாம்.

கழுவி ஃப்ரிட்ஜில் வைப்பதா, வைத்துவிட்டுக் கழுவுவதா?
(வாசகர், சேலம்)

சமைக்கும்போது கழுவுங்கள். ஈரத்தோடு வைத்தால், குளிரிலும் வளரும் அழுகல் பாக்டீரியாவுக்கு வசதியாகிவிடும். கீரையை உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள்.