அக்காவிடம் கேளுங்கள்: பத்தரை மணி மெசேஜுக்குப் பதில் போடணுமா?

கேள்வி: அக்கா, மண்டபம் பக்கம் ஒரு இறால், நண்டு ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போட் கரைக்கு வரும் நாளில் விடிகாலை நாலு மணிக்கே போன் வரும், என்ன எடை, என்ன ரேட், யாருக்கு அட்வான்ஸ் என்று. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மற்ற நாளிலும் ராத்திரி பத்தரைக்கு மேனேஜர் வாட்ஸ்அப்பில் "அந்த பில் என்னாச்சு" என்கிறார். பதில் போடாவிட்டால் மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேட்டால், "தடைக்காலத்தில் ரெண்டு மாசம் சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க" என்ற பேச்சு வேறு. பத்தாவது படிக்கும் மகளோடு உட்காரக்கூட முடியவில்லை. வீட்டுக்காரர் வேலையை விடு என்கிறார். எனக்கு விட மனசில்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: விடவேண்டாம் தங்கச்சி. நாலு மணி போனைக் குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நம் பாக் நீரிணையில் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். திங்கள், புதன், சனி போகிற படகு மறுநாள் காலை கரைக்கு வரும், அப்படியென்றால் உங்களுக்கு விடிகாலை வேலை செவ்வாய், வியாழன், ஞாயிறு. எடை போட்டு ஐஸ் போட்டு வண்டி ஏற்றுகிற வரைக்கும் ஒருத்தரும் அசைய முடியாது, தாமதித்தால் சரக்கின் தரம் இறங்கும், விலை விழும். அந்தப் போன் கடலால் வருவது. பத்தரை மணி மெசேஜ் அப்படியில்லை, மேனேஜருக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். (சாப்பிட்டுப் படுத்தபடி போனைத் தடவுகிற ஆளாக இருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

அதனால் முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: ராத்திரி வந்த எந்த மெசேஜ் காலை ஒன்பது வரை காத்திருந்தால் கம்பெனிக்கு நிஜமாகவே நஷ்டம்? பெரும்பாலும் ஒன்றுகூட தேறாது. அப்புறம் பேசுங்கள். மெசேஜ் வந்த கோபத்தோடு ராத்திரியிலோ, சரக்கு வந்து நிற்கிற காலையிலோ வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் பேசுங்கள், வியாழன் சரக்குப் போயிருக்கும், சனிக்கிழமைப் படகு இன்னும் கிளம்பியிருக்காது, அவருக்கும் காது இருக்கும். "சார், செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலை எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிறேன். மற்ற நாளில் எட்டு மணிக்கு மேல் வருவதை மறுநாள் காலை முதல் வேலையாக முடித்துவிடுகிறேன். சரக்கு, வண்டி, ஐஸ் விஷயமாக அவசரம் என்றால் மெசேஜ் வேண்டாம், போன் போடுங்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். படுத்தபடி மெசேஜ் தட்டுவது சுலபம், ராத்திரி பத்தரைக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போன் போட எவருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும், அந்தத் தயக்கமே பாதியை வடிகட்டிவிடும். ஞாயிறு விடிகாலை வேலை என்பதால் வார விடுமுறையாக வேறொரு நாளை அப்போதே கேட்டு வாங்குங்கள்.

பேசி முடித்தபிறகு பத்தே முக்காலுக்கு நீங்களே "ஓகே சார்" என்று போட்டுவிடாதீர்கள், பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். காலை ஒன்பதுக்கு, சொன்ன சொல் மாறாமல், அந்த பில் அவர் மேஜையில் இருக்க வேண்டும்.

தடைக்காலப் பேச்சுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது மீன் இனம் பெருகுவதற்காக. உங்களுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்கு எழுத அதில் இடமில்லை. அந்த மாதங்களில் பாதிச் சம்பளம்தான் தந்தார்கள் என்றால் பேச்சே இல்லை. முழுச் சம்பளம் தந்திருந்தால் நன்றி சொல்லுங்கள், ஆனால் வேலை நேரத்தைச் சட்டம் நாளாகவும் வாரமாகவும்தான் எண்ணுகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 சொல்வது: ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம், அப்படியும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக்கூடாது. (நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஷெட்டில் இறால் உரிப்பவர்களுக்கு வேறு சட்டம், அது தனிக் கதை.) இதை மேனேஜர் முகத்துக்கு நேரே ஆட்டச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது.

மூன்று நாள், நான்கு நாள் என்ற அந்த ஏற்பாடே சும்மா வந்துவிடவில்லை. எழுபதுகளில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வலை அறுந்து, அடிதடியாகி, அதற்குப் பிறகுதான் நாள் பிரித்தார்கள். நீங்கள் அடிதடிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று. வேலையை விடச் சொல்கிறவர், நீங்கள் நாலு மணிக்கு எழுந்த நாளில் காலைச் சமையலைப் பார்த்துக்கொள்ளலாமே?

கேள்வி: ஆபீஸ் நேரம் முடிந்தால் போனை எடுக்காமல் இருக்க உரிமை தரும் சட்டம் இருக்கிறதாமே?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: பிரான்சில் 2017 முதல் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் நாட்டில் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. இப்போதைக்கு நீங்களே பேசி வாங்குவதுதான்.

கேள்வி: துபாய் கம்பெனி ஒன்றுக்குக் கீழக்கரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆபீஸில் தொந்தரவு இல்லை, வீட்டில்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாலும் "சும்மாதானே இருக்கே, கேஸ் புக் பண்ணு, ராத்தாவை பஸ் ஸ்டாண்டில் விட்டுவா" என்கிறார் உம்மா. எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: உம்மாவைப் பொறுத்தவரை வேலை என்றால் சட்டை போட்டு வாசலைத் தாண்டுவது, அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது தம்பி. துபாயில் காலை ஒன்பது என்றால் நமக்குப் பத்தரை. விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தால் கையில் முழுசாகச் சில மணி நேரம் இருக்கிறதே, மார்க்கெட், கேஸ், ராத்தா எல்லாவற்றையும் அதற்குள் நீங்களே கேட்டு முடித்துவிடுங்கள். கேட்காமலே செய்கிற பிள்ளையை அப்புறம் கூப்பிட அவருக்கே மனசு வராது. பத்தரைக்கு அறைக் கதவைச் சாத்துங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், போன் இல்லாமல்.

ஆபீஸிடமும் ஒன்று சொல்லவேண்டி வரும். நம் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை ஒரு மணி வாக்கில் என்றால் துபாயில் அப்போது பதினொன்றரை, அங்கே இன்னும் தொழுகைக்குக் கிளம்பியிருக்கமாட்டார்கள், மீட்டிங் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை வாராவாரம் காலண்டரில் அடைத்து வைத்துவிடுங்கள்.