மார்கழியில் போட்ட பாலிஷ் ஏன் வெளுத்தது?

கல்லிடைக்குறிச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கனடாவில் கால்கரியில் இருக்கும் என் தம்பி, காலையில் மலைப்பக்கம் பனியில் நடந்துவிட்டு, மாலையில் வீட்டில் பழைய மேஜைக்கு அரக்கு பாலிஷ் போட்டான். கண்ணாடி மாதிரி வந்தது. நானும் பாபநாசம் பக்கம் பனியில் ஒரு நடை போய்வந்து, பொழுது சாயும்போது தாத்தாவின் தேக்கு சாய்வு நாற்காலிக்குப் போட்டேன். விடிந்து பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கணுமா?"

வேண்டாம், சுரண்டாதீர்கள். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பி நடந்த பனியும் நீங்கள் நடந்த பனியும் பேரில்தான் ஒன்று. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 2 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்கு 17 கிராம் வரை தாங்கும் கொள்ளளவு வந்துவிடுகிறது, ஆனால் உள்ளே இருப்பது அந்த 2 கிராம்தான். அதனால் அவர் அறை எலும்பு காய்கிற மாதிரி காய்ந்து கிடக்கும். நம்மூரில் வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம், பக்கத்திலேயே தாமிரபரணியும் வயலும், ராத்திரிக் காற்று முக்கால்வாசிக்கு மேல் ஈரத்தால் நிறைந்தே இருக்கும்.

அரக்கு பாலிஷில், அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் (எரிசாராயம்) வேகமாகப் பறக்கும்போது மரத்தின் மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அதேதான். அந்த நுண்ணிய நீர்த்துளிகள் பாலிஷ் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகின்றன. மூடி திறந்தே கிடந்த பழைய ஸ்பிரிட்டாக இருந்தால் இன்னும் மோசம், அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள், லேசான வெளுப்பு சில சமயம் தானாகவே போய்விடும். போகவில்லை என்றால் மழை இல்லாத நாளாகப் பார்த்து, 10 மணி வாக்கில் நாற்காலியை இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்து (உச்சி வெயிலில் வைத்தால் பாலிஷ் இளகும், கொப்புளிக்கும்) மரம் கைக்கு வெதுவெதுப்பாக ஆனதும் காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுவாருங்கள். மரம் காற்றைவிடச் சூடாக இருந்தால் அதில் ஈரம் படியாது, இந்த வைத்தியத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்து உருண்டை கட்டி, அதில் புது ஸ்பிரிட்டைச் சில சொட்டு மட்டும் விடுங்கள். புறங்கையில் ஒற்றினால் ஜில்லென்று தெரிய வேண்டும், நனையக் கூடாது. மர ரேகை ஓடும் திசையில், ஒரே இடத்தில் நிற்காமல், இறகு தடவுவது போல நீவிக்கொண்டே போங்கள். காய்ந்த அரக்கை ஸ்பிரிட் மறுபடி கரைத்துவிடும் என்பதால் மேல்தோல் இளகி, மாட்டியிருந்த ஈரம் வெளியேறும். அவசரப்பட்டு ஊற்றித் தேய்த்தால் பாலிஷ் வழித்துக்கொண்டு வந்துவிடும், அப்புறம் நிஜமாகவே முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் வேண்டாம், ஸ்பிரிட் சட்டென்று பற்றும்.

வெள்ளை போனபின் இன்னொரு கை போட நினைத்தால், 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தடவித் தூசியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் சில்லு போதும். இரும்பு டப்பாவில் ஊறப்போடாதீர்கள், கலவை கறுத்துவிடும். கண்ணாடிப் பாட்டில்தான் சரி.

ஒன்று கேட்க விட்டுப்போச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நாற்காலி முங்கியதா? முங்கியிருந்தால் வேலையைத் தொடங்கும் முன் கால் இணைப்புகளை ஆட்டிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் அதைத்தான் முதலில் ஒட்ட வேண்டும், பாலிஷ் அப்புறம்.

காலை நடையை விட வேண்டாம். போய்வந்து, சாப்பிட்டு, 11 மணிக்கு உட்கார்ந்தால் 3 மணிக்குள் முடித்துவிடலாம். ராத்திரி நாற்காலியைத் திண்ணையில் போடாமல் உள்ளறையில் வையுங்கள்.